மாப்பிள்ளை வரும் நேரம்

2009 ஜூன் 3, புதன்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். புதன்கிழமைதான் அதற்கு நாள். இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கல்முனை பஸாரில் என் ஹார்ட்வெயார் கடையைத் திறந்தேன். முதல்நாள் மாலை வந்திறங்கிய ஆணிப் பெட்டிகளில் ஒன்றைத் தராசில் வைத்தேன். பெட்டியின் மேல் நிறை அச்சடித்துத்தான் இருக்கும். இருந்தாலும் ஒன்றையாவது நிறுத்துப் பார்க்காமல் உள்ளே எடுக்க மாட்டேன்.

எதிர்த் தேநீர்க்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் வெற்றி அணிவகுப்பு. யுத்தம் முடிந்தது என்று அறிவித்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. பஸாரில் எல்லாக் கடைகளிலும் தேசியக்கொடி தொங்கியது. எல்லோரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். ஆனால் நாட்குறிப்பில் ‘யுத்தம் முடிந்ததாகச் சொன்னார்கள்’ என்றுதான் எழுதினேன். 2002இல் அவசரப்பட்டு ‘யுத்தம் நின்றது’ என்று எழுதி, பிறகு வெட்ட வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து சொன்னதைச் சொன்னதாகவும் நடந்ததை நடந்ததாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

பகல் சாப்பாட்டுக்கு மருதமுனை வீட்டுக்குப் போனபோது ராத்தா எனக்காகக் காத்திருந்தார். என் மூத்த சகோதரி. அவர் மகளுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். கலியாணம் அடுத்த மாதம். ராத்தாவின் கணவர், என் மச்சான், கட்டாரில் இருந்ததால் ஏற்பாடெல்லாம் என் பொறுப்பில். நேரம் மட்டும்தான் பாக்கி. நான் லுஹர் தொழுகைக்கு முன், பகலில் என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் இருபது வருடமாக அப்படித்தான். வெளியூர் மாப்பிள்ளை பகலில் வருவார், பொழுது சாயுமுன் அவர் ஆட்கள் ஊர் திரும்பிவிடுவார்கள்.

“ராவைக்கு வை. இஷாவுக்குப் பொறகு” என்றார் ராத்தா.

“ராவைக்கா?”

“முந்தி எல்லாம் ராவைக்குத்தானே. அதான் முடிஞ்சிட்டு எண்டு ரீவியில சொல்றானுகளே.”

“ராத்தா, நீங்க கலியாணம் முடிக்கக்குள்ளயும் சொன்னானுகள்தான்.”

சொன்னபிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. 1988இல் அவருக்குக் கலியாணம் நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி, யுத்தம் முடிந்தது என்று வானொலி சொல்லி முழுதாக ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இந்தியப் படை தெருவில் நின்றது. அன்று பகல் ஊரடங்கு வரப்போவதாகக் கதை பரவியதால், மாப்பிள்ளை காலையிலேயே நாலு பேரோடு சைக்கிளில் வந்து இறங்கினார். தலைப்பாகை ஒரு பேப்பர் பையில் இருந்தது. காவின் என்ற திருமணப் பதிவை எழுதியதும் வந்தவர்கள் சாப்பிடாமலே ஓடினார்கள். குரவை போட வந்த பெண்களை வாப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“எனக்கு மாப்பிள்ளை வந்தது பால்காரன் வாற நேரத்துல” என்றார் ராத்தா. இதை அவர் பல தடவை சிரித்துக்கொண்டு சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. “அது என்னோட போகட்டும். என்ட புள்ளைக்கு லைட்டுப் போட்டு, ஊர் பாக்க, ராவைக்குத்தான் மாப்பிள்ளை வரணும்.”

“வாற வழி எப்படி இரிக்கி எண்டு பாக்காம நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

“ஆணி வாங்கவும் நிறுத்துப் பாக்கிற ஆள்தானே நீ. போய்ப் பாரு. நானும் வாறன்.”

“நீங்க எதுக்கு?”

“கலியாணத்துக்குப் போறது வாறது பொம்பளையும் புள்ளையும்தான்டா தம்பி. நீ தனியப் போய்ப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாய்?”

 பொழுதுபட்டு, மஃரிப் தொழுததும் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

மருதமுனையிலிருந்து நிந்தவூருக்குப் போகும் பெருந்தெருவில் எங்கள் முஸ்லிம் ஊர்களும் தமிழர் ஊர்களும் மாறி மாறி வரும். பகலில் அந்த வித்தியாசம் பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. யுத்த காலத்தில் பொழுதுபட்டால் ஒவ்வொரு ஊரின் முடிவும் ஓர் எல்லையாகிவிடும். அவர்கள் எங்கள் ஊரைத் தாண்டப் பயந்தார்கள், நாங்கள் அவர்கள் ஊரைத் தாண்டப் பயந்தோம். அன்றும் பாண்டிருப்பில் கடைகள் அடைத்துக் கிடந்தன. கல்முனை பஸாரில் கொடிகளுக்குக் கீழே நாய்கள்தான் நின்றன. சாய்ந்தமருதில் மட்டும் பள்ளிவாசலடியில் ஆள் நடமாட்டம் இருந்தது. ராத்தா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். 

அதற்கப்பால் சோதனைச் சாவடி. எனக்கு அந்த ஒழுங்கு பழக்கம். தூரத்திலேயே ஹெல்மெட்டைக் கழற்றி, முன்விளக்கை அணைத்து, இறங்கி உருட்ட வேண்டும். எங்களுக்கு முன்னால் அக்கரைப்பற்று பஸ் நின்றது. ஆட்களையெல்லாம் இறக்கி, அடையாள அட்டையை விரித்துப் பிடித்தபடி வரிசையில் நடக்க விட்டிருந்தார்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்ட ஒரு பெண், அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு நடந்தாள். வெறும் பஸ் அவர்களுக்குப் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்தது.

எங்கள் அட்டைகளை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்த ஆமிக்காரனுக்கு ராத்தாவின் மகளுடைய வயதுதான் இருக்கும்.

“இந்த நேரம் எங்க போறது?”

“நிந்தவூர். கலியாணம் கதைக்க” என்றார் ராத்தா.

“கலியாணம் நாளைக்குக் கதைக்க ஏலாதா?”

“இருவது வருசமா நாளைக்கு நாளைக்கு எண்டுதான், மகன், நாங்க இருந்த.”

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, சிரித்தான். அந்தச் சிரிப்பு தந்த துணிவில் நான் கேட்டேன்: “யுத்தம் முடிஞ்சிட்டுத்தானே? இன்னும் ஏன் இறக்கிற?”

“ஓம், முடிஞ்சது. நாங்களும் ரீவி பாத்தது.” அட்டைகளைத் திருப்பித் தந்தான். “ஆனா ஓடர் வரல்ல.”

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. கொழும்பில் சொன்னது இந்தச் சாவடிக்கு வந்து சேரவில்லை. காரைதீவைத் தாண்டி, இரு பக்கமும் வயல் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரமாக்கினேன்.

“கண்டீங்கதானே ராத்தா. பகல்லயே செய்வம்.”

அவர் இறங்கி நின்றார். “மாப்பிள்ளையையும் இப்படி இறக்கி நடக்க விடுவானுகளா?”

“ஓம். கோட்டுச் சூட்டோட ஐசியைப் பிடிச்சுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.”

“முடியல்ல எண்டு நீ சொன்னது சரிதான்” என்றார். “நான்தான் ரீவியை நம்பிட்டன்.”

வந்த காரியம் முடிந்தது என்று வண்டியைத் திருப்பப் போனேன்.

“எங்க கிறுகிற? நிந்தவூருக்குப் போடா. ராவைக்குத்தான் எண்டு போய்ச் சொல்லுவம்.”

“இப்பதானே முடியல்ல எண்டு சொன்னீங்க?”

“அதுக்காகத்தான். முடிஞ்சிருந்தா இந்தப் பெருநாளைக்கு வைச்சா என்ன, அடுத்த பெருநாளைக்கு வைச்சா என்ன. இது எப்ப முடியும் எண்டு ஆருக்குத் தெரியும்? நான் காத்திருந்தது போதும். இவளையும் காத்திருக்கச் சொல்ல மாட்டன்.”

“மாப்பிள்ளை நடப்பாரா?”

“நடப்பார். நடக்க மாட்டன் எண்டா அவருக்கு என்ட புள்ள எதுக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல், “பயமா இரிக்கா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“எனக்கும்தான். ஏறு.”

நிந்தவூரில் மாப்பிள்ளையின் வாப்பா எங்களைக் கண்டதும் பதறிப்போனார். அந்த நேரத்தில் ஆட்கள் வந்தால் அது மௌத்துச் செய்தியாக, யாரோ இறந்த சேதியாகத்தான் இருக்கும். ராத்தா தேநீர் வருமுன்னே விஷயத்தைச் சொன்னார்.

“ராவைக்கு எண்டா எங்கட ஆக்கள் வருவாங்களோ தெரியாதே, தங்கச்சி.”

“வாறவங்க வரட்டும். மாப்பிள்ளை வந்தாப் போதும்.”

“செக்பொயின்ற்ல இறங்கி நடக்கணுமே.”

உள்ளே இருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. “நடப்பன் மாமி. வேலைக்குப் போகக்குள்ள ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதானே.”

அவர் வாப்பா கதவுப் பக்கம் திரும்பி, “உன்னை ஆருடா கேட்ட?” என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை.

என் சம்மதத்துக்கு இரண்டு நிபந்தனை வைத்தேன். ஒன்று, வெடி கொளுத்தக் கூடாது. வெற்றிக்கென்று நாடு முழுக்க வெடி கொளுத்தியிருக்கலாம். இரவில் இந்தத் தெருவில் நாங்கள் கொளுத்தினால் அதை யார் எப்படி எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. ராத்தாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. “சரி, வெடி வேணா. குரவையை ஒருத்தரும் நிப்பாட்டக் கூடாது” என்றார். இரண்டாவது நிபந்தனை, இரு பக்கத்திலும் கலியாணத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டை இருக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் மாப்பிள்ளை உட்பட எல்லோரும் தெருவில் நிற்க வேண்டி வரும்.

“அதை ஊருக்கெல்லாம் வீடு வீடாப் போய்ச் சொல்லுவீங்களோ?” என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார்.

“அதுக்கு வழி செய்யிறன்” என்றேன்.

திரும்பி வரும்போது அதே சாவடியில் அதே போல இறங்கி நடந்தோம். ராத்தா எனக்கு முன்னால், அட்டையை உயர்த்திப் பிடித்தபடி, ஒரு கலியாணக் கூட்டத்துக்கு வழிகாட்டுகிறவர் போல நடந்தார்.

மறுநாள் காலை, கடைக்குப் போகுமுன் முதல் வேலையாக அச்சகத்துக்குப் போனேன். கலியாணக் கார்ட்டில் நேரம் ‘இஷாத் தொழுகைக்குப் பின்’ என்றும், அதற்குக் கீழே ‘வருகை தருவோர் தேசிய அடையாள அட்டையைத் தவறாது கொண்டு வரவும்’ என்றும் எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர் இரண்டு தடவை வாசித்தார்.

“கலியாணக் கார்ட்டுல இப்படி ஆராவது போடுவாங்களா காக்கா?”

“போடுங்க. அந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க” என்றேன்.