கழுத்தில் வந்த சங்கிலி

ஜெபத்தில் கண்ணை மூடினால் போதும், ஜெயபுஷ்பம் சிஸ்டரின் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். அங்கே ஒன்றும் கிடையாது. வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்த கையோடு பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள் அவள். அன்று கழற்றிய நகை மறுபடி அவள் உடம்பில் ஏறவில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அது 1983. குவைத் ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் ஊருக்குக் கிளம்பினாள். அங்கே துப்புரவு வேலை பார்த்த ஆம்பூர் ஜஹீருன்னிசா ஒரு தங்கச் சங்கிலியோடு வந்து நின்றாள். மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். அவளுக்கோ லீவு கிடைக்கவில்லை.

"நான்தான் போவ முடியல சிஸ்டர், இதாவது போவட்டும். பைல வெச்சா கஸ்டம்ஸ்ல புடிச்சிக்குவான். கழுத்துல போட்டுக்கினு போ, உன் நகைன்னு உட்டுடுவான்."

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

விமானத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பையைத் திறப்பாள், மூடுவாள். சாப்பாட்டுத் தட்டு வந்தபடியே திரும்பிப் போனது. மீனம்பாக்கம் நெருங்கியதும் கழிவறைக்குள் போய்ச் சங்கிலியை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பியிருக்கலாம். கம்மல் துளை தூர்ந்துபோன காது, வெறுங்கை, வெள்ளைச் சேலை, நடுவில் கனத்த சங்கிலி! யோசனை சொன்ன மகராசிக்கும் இது உறைக்கவில்லை, இவளுக்கும் உறைக்கவில்லை. கஸ்டம்ஸ் அதிகாரிக்கு உறைத்தது.

"காதுல இல்ல, கைல இல்ல, கழுத்துல மட்டும் இவ்ளோ பெருசா?" என்றார் அவர். "நீங்க பெந்தெகொஸ்தே தானே? எங்க பெரியம்மாவும் அந்த சபைதான். குண்டுமணி தங்கம் போட மாட்டாங்க. யாருதும்மா இது?"

"என்னுதுதான் சார்."

"அப்ப சபைல எப்படி ஒத்துக்கறாங்க?"

உண்மையைச் சொன்னால் சங்கிலி அந்த மேசையிலேயே தங்கிவிடும்.

"சபைக்கெல்லாம் போறதில்ல சார். அதெல்லாம் உட்டுட்டேன்."

அவர் பெட்டியில் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

வெளியே அம்மாவும் பாஸ்டரும் காத்திருந்தார்கள். பாஸ்டரின் பார்வை கழுத்தில் போய் நின்றது. ஆம்பூர்க்காரம்மா கொடுத்தனுப்பியது என்று மட்டும் அவள் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அதான பார்த்தேன்! நீயாவது, சபைய உடறதாவது!"

வெள்ளிக்கிழமை சங்கிலி மணப்பெண் கழுத்தில் ஏறியது. ஜெயபுஷ்பம் கண்குளிரப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சபை நடுவே, அவள் கழுத்தில் சங்கிலியைப் பார்த்துத் தான் திகைத்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் தவித்தாள். விசுவாசத்தில் உறுதியான மகளுக்காக ஸ்தோத்திரம் என்று அவர் ஜெபிக்கத் தொடங்கியதும், அவள் கை முதன்முதலாகக் கழுத்துக்குப் போனது.

சபை முழுக்க ஆமென் சொன்னது. அவளுக்கு மட்டும் வாய் எழவில்லை.