அழைக்காமல் வந்த உதவி நிரல்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். சேக்காட்டில் அப்பா நடத்தும் இன்னிசைக் குழுவில், லேப்டாப்பிலிருந்து இசையொலி எழுப்பும் சிந்தசைசர் மென்பொருளை வைத்துக் கீபோர்டு வாசிக்கிறேன்.

கொரட்டூரில் ஒரு திருமண வரவேற்புக்குக் கிளம்பும் முன் அந்த மென்பொருளைப் புதுப்பித்தேன். ஆங்கிலத்தில் வந்த கேள்விகளுக்கெல்லாம் படிக்காமலே ‘சரி’ கொடுத்தேன். மேடையில் கட்டையை அழுத்தினால் ஒலி தாமதமாக, விட்டுவிட்டு வந்தது.

“இன்னா கண்ணு, நான் அடிச்சி முடிச்சப்புறம் உன் பொட்டி பாடுது?” என்றார் டிரம்ஸில் இருந்த அப்பா.

“பொண்ணு மாப்ள வந்துகினு கீறாங்கம்மா,” என்றார் பாடகர் அண்ணன்.

லேப்டாப்பில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தேன். நான் ‘சரி’ கொடுத்ததில் புதுப்பிப்போடு சேர்ந்து வந்த ஓர் உதவி நிரல், பின்னணியில் ஓடிக் கணினியின் திறனைத் தின்றுகொண்டிருந்தது. மூடினேன், தானே திறந்துகொண்டது. அது இனி ஓடாதபடி முடக்கிவிட்டு, லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். அதன் திரை மீண்டும் வரும்வரை அப்பா தனியாக டிரம்ஸ் அடித்துச் சமாளித்தார்.

மணமக்கள் மேடையேறும்போதுதான் ஒலி சரியாக வந்தது.

இப்போது கச்சேரி உள்ள வாரத்தில் எதையும் புதுப்பிப்பதில்லை. மற்ற நாளிலும் ஒவ்வொரு கேள்வியையும் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டே அழுத்துகிறேன். பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு, “அது இன்னாத்துக்கு நமக்கு? வேணான்னு போடு” என்கிறார்.