புதாற்றங்கரைப் பூங்கா: நடைபாதை மட்டும் தயார்

தஞ்சாவூரில் புதாறு என்கிற கல்லணைக் கால்வாயின் கரையில் கட்டும் பூங்கா முடிந்துவிட்டதா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஜூனில் ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணம். போகிற வழியில் காலையிலேயே இறங்கிப் பார்த்தேன். அன்றுதான் ஆற்றில் தண்ணீர் வருவதாக இருந்தது.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். பூங்காவை ஒட்டி, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக வரவேண்டிய கட்டடம் இன்னும் கம்பியும் தூணுமாகத்தான் நிற்கிறது. கழிப்பறைக்குப் பூட்டு. நடைபாதை மட்டும் பளபளக்கிறது. படமெடுத்துப் போட அது போதாதா என்ன?

அதன்மேல் ஏழெட்டுப் பேர் பூவும் நெல்லுமாக நின்றிருந்தார்கள். புதுத்தண்ணீர் வரும்போது மதகடியில் நின்று தூவிக் கும்பிடுவது இங்கே வழக்கம். ஆனால் மதகைக் காணோம். கோடையில் ஆறு காய்ந்திருந்தபோது, கரையை மட்டப்படுத்தியவர்கள் அதையும் சேர்த்து மூடிக் கல் பதித்துவிட்டார்கள்.

குத்தகைக்குப் பயிர் வைக்கும் மல்லிகா, காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கதாங்க இருந்துச்சு. இதுலேருந்துதான் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி பிரியும். ஆறு வந்துரும்னு நம்பி, பக்கத்து வயக்காரர்ட்ட கெஞ்சி போர் தண்ணி வாங்கி நாத்து விட்டுட்டேன். இனிமே அவரு தரமாட்டாருங்க, அவருக்கே பத்தல."

"நான் போன வாரந்தாங்க வேலைக்குச் சேந்தேன்" என்றார் காவலாளி. பாவம், யாருக்கோ போன் போட்டார். பேசி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தண்ணி ஓடுறப்ப கரைய உடைக்க முடியாதாம். ஆத்த அடச்சப்புறம் பாக்கலாம்ங்கறாங்க."

ஆற்றை அடைப்பது அறுவடைக்குப் பிறகு.

சற்று நேரத்தில் செத்தையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. மற்றவர்கள் பூவைத் தூவினார்கள். மல்லிகாவும் தூவினார், கும்பிட்டார். தண்ணீர் நிற்காமல் ஒரத்தநாட்டுப் பக்கம் போயிற்று. நானும் அந்தப் பக்கம்தான் போனேன்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மரங்களை வெட்டிவிட்டதால் நிழல் கிடையாது. குடிநீர்க் குழாயில் காற்றுதான் வருகிறது. ஆற்றோரம் கைப்பிடிக் கம்பி பாதியில் நிற்பதால் குழந்தைகள் கையை விடாதீர்கள்.

இதை எழுத உட்காரும் முன், அன்று எண் வாங்கி வைத்திருந்த, மல்லிகாவின் ஊரைச் சேர்ந்த ஆட்டோக்காரரை அழைத்து மல்லிகாவின் வயலைப் பற்றிக் கேட்டேன்.

"ஆத்துல தண்ணி நெறைய ஓடுது சார்" என்றார். "அக்கா நேத்து நாத்தங்கால்ல மாட்ட விட்டு மேய்ச்சுட்டாங்க."