சம்பூர்ணம் குளித்த சோப்பு

பரிமளாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. விக்கிரமங்கலத்திலிருந்து சிறுவாச்சூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதலில் இட்லிக் கடை போட்டாள், பிறகு தையலில் இறங்கினாள், கடைசியில் ஆட்டுப்பால் சோப்பில் வந்து நின்றாள். பால் கொடுப்பது சம்பூர்ணம். அது அவள் வளர்க்கும் வெள்ளாடு. அதே பெயருள்ள நாத்தனார், ஆட்டுக்கு அந்தப் பெயர் வைத்த நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை.

சோப்புக் காய்ச்சும் கொட்டகைக்காகத் தையல் மெஷினைக்கூட விற்றாயிற்று. சோப்பையும் கவனிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து வந்து பார்த்து உரிமம் கொடுத்தால், வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு வரும் கூட்டத்தில் விற்றுவிடலாம். கொடுக்காவிட்டால் கொட்டகையும் வீண், மெஷினும் போச்சு.

ஆனால் அவளுக்குப் பொறுமை ஏது? உரிமம் வருமுன்பே ரோட்டோரம் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டாள். அதில் ஆட்டின் முகம், முழு அளவில். கீழே, "சம்பூர்ணத்தின் மேல் சோதித்த பிறகே உங்களுக்கு. விரைவில்." மாட்டுப் பொங்கலன்று ஆடு மாடுகளுக்கு ஊட்டாமல் தான் வாயில் வைக்காத குடும்பத்துப் பெண் அவள். பால் கொடுத்தவளுக்குத்தானே முதல் சோப்பு?

மருந்துத் துறை ஆய்வாளர் சத்யப்பிரியா ஜீப்பை விட்டு இறங்கியதும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஃபிளெக்ஸின் முன் நின்றார்.

"யாரும்மா இந்தச் சம்பூர்ணம்?"

"நம்ம ஆடுங்க மேடம். மொத சோப்பை அதுக்குத்தான் தேய்ச்சுக் குளிப்பாட்டுனேன். ஒண்ணும் ஆவலைங்க." பாராட்டு வரும் என்று பரிமளா அவர் முகத்தையே பார்த்தாள்.

"சோப்பு, பவுடர், கிரீமு எதையும் நம்ம நாட்டுல விலங்கு மேல சோதிக்கக் கூடாதும்மா. சட்டமே இருக்கு. நீங்க அதை ஃபிளெக்ஸ் அடிச்சு வேற வெச்சிருக்கீங்க."

அரியலூரில் சிமெண்ட் லோடு ஏற்ற லாரியோடு போக வேண்டிய புருஷன் அன்பழகன், போகாமல் நின்று, "மருந்தை மட்டும் சோதிக்கிறாங்களேங்க?" என்று கேட்டு வைத்தான். பரிமளா அவனை முறைத்தாள்.

"மருந்து உசுரைக் காப்பாத்துறது. அதுக்கும் கமிட்டி அனுமதி வேணும். வேற வழி இருந்தா விலங்கைத் தொடக் கூடாது. சோப்பு அப்படியா?" சத்யப்பிரியா பரிமளாவின் பக்கம் திரும்பினார். "சோப்புல போடுற சோடாக் காரம் கொஞ்சம் கூடிப்போயிருந்தா? எரியுதுன்னு நீங்க சொல்லிடுவீங்க. அது யாருகிட்ட சொல்லும்?"

காய்ச்சும்போது காரம் தெறித்த தழும்பு பரிமளாவின் மணிக்கட்டில் இருந்தது. அவள் கை தானாக அங்கே போயிற்று. அன்பால் செய்ததுதான், ஆனாலும் அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது.

"நான் அப்படி யோசிக்கலைங்க மேடம். தப்புத்தாங்க."

அதற்குள் சம்பூர்ணம் ஆடி அசைந்து வந்து ஆய்வாளரின் துப்பட்டாவை மெல்லத் தொடங்கியது. சத்யப்பிரியா சிரித்துவிட்டார்.

"புகார் கொடுக்க அவங்களே வந்துட்டாங்க போல. ஃபிளெக்ஸை இன்னைக்கே எறக்குங்க. சோப்பை லேபுக்கு அனுப்புங்க. காரம் சரியா இருந்தா நானே சிபாரிசு பண்றேன்."

காரம் சரியாகவே இருந்தது. உரிமம் வந்த அன்று பரிமளா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். புது ஃபிளெக்ஸில் தோளில் துண்டோடு அன்பழகன் நின்றான், "இந்தச் சோப்பில் முதலில் குளித்தவர்" என்ற வரியோடு. லாரிக்காரர்கள் அதைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு ஒரே வெட்கம், உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

முதல் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சோப்பு தீர்ந்தது. கடைசி இரண்டையும் வாங்கியது நாத்தனார். காசைக் கையில் கொடுத்துவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இல்ல அண்ணி. இனிமே அதுக்கு வெறும் தண்ணிதான்."