வசந்தாவின் கொள்ளுத்தாத்தாவுக்காக ரஷ்யா மேல் படையெடுத்தேன்

சூடேறின கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வாசனை வரும்... தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வறுபட்ட மாதிரி. செகந்திராபாத் மே மாதத்தில் அந்த வாசனை வந்துவிட்டால், டேபிள் ஃபேனை சிபியு பக்கம் திருப்பி விடுவேன். எனக்கு வேர்த்தால் பரவாயில்லை. அதற்கு வேர்க்கக் கூடாது.

ஹைடெக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். நான் உப்பலில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். கம்ப்யூட்டரை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பழைய பார்ட்ஸ் வாங்கி நானே மாட்டினேன். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மாடியில் குடியிருந்த செந்தில், ஈரோட்டுக்காரர், சாஃப்ட்வேர் இன்ஜினியர். அவர்தான் அந்த கேம் சிடியைக் கொடுத்தார். திரை முழுக்க உலக மேப் விரியும். பழைய ராஜ்ஜியம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, படை திரட்டி, கப்பல் விட்டு, நூற்றாண்டுக் கணக்கில் ஆளலாம்.

"சார், இங்கிலாந்து எடுத்துக்கோங்க. சுலபமா ஜெயிக்கலாமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, ஒரு தடவை அவன் ஆண்டது பத்தாதா?"

எங்கள் ஊர் கோல்கொண்டாவை எடுத்தேன்.

அந்தக் கோடையின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. மசூலிப்பட்டினத்தில் கப்பல் கட்டி, ஆப்பிரிக்காவைச் சுற்றி... கடைசியில் லண்டனில் கோல்கொண்டா கொடி ஏறியது. நான் எழுந்து நின்றே விட்டேன். அந்த கேமில் ஊர்ப் பெயரை மாற்றலாம். லண்டனுக்கு 'மோண்டா' என்று எங்கள் காய்கறி மார்க்கெட்டின் பெயரையே வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆட்டம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நானும் செந்திலும் டீயோடு உட்கார்ந்து அந்த உலகத்தைப் பேசிப் பேசிக் கட்டுவோம்.

அமீர்பேட்டையில் வெள்ளைக்காரப் பையன்கள் தெலுங்கு கோச்சிங்குக்கு வரிசையில் நிற்பார்கள். மான்செஸ்டரில் ஒரு ஜான், 'ராமுலு' என்று பெயர் மாற்றிக்கொண்டு, ராத்திரி ஷிஃப்ட்டில் நம் வீட்டு போன் கம்ப்ளெயின்ட் கேட்பான். லண்டன் கண்டக்டர், சில்லறை கேட்டால் நம் ஹைதராபாத் உருதுவில் "நக்கோ பாய்" என்று கையை விரிப்பான். பேகம்பேட்டையில் விசா ஆபீசர் நான். "உங்க ஊர்ல இங்கிலீஷ் பேசறதா கேள்விப்பட்டேன்... அது இங்க செல்லாதே?"

செந்தில் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி வசந்தா, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"வெள்ளைக்காரனே வரலைன்னா இந்த ஊர்ல பட்டாளத்துக் கன்டோன்மென்ட் ஏது? அது இல்லைன்னா உங்க கொள்ளுத்தாத்தா வேலூர்லேர்ந்து ஏன் வர்றார்? எங்க கொள்ளுத்தாத்தா திருச்சியிலேர்ந்து ஏன் வர்றார்? அப்போ நீங்க யாரோ, நான் யாரோ. நல்லா ஆளுங்க!"

"அக்கா ஒரே கேள்வில சாம்ராஜ்யத்தையே கவுத்துட்டாங்க சார்!" என்றார் செந்தில்.

நானாவது ஒத்துக்கொள்வதாவது. நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம். இங்கே நான் 'மெட்ராஸ்காரர்'. வேலூர்க் கல்யாணத்துக்குப் போனால் 'ஹைதராபாத்காரர்'. எனக்கென்று நானே ஒரு சரித்திரம் செய்து வைத்தால், அதில் பெண்டாட்டி கிடையாதாம்!

அடுத்த ஞாயிறு பதிலோடு உட்கார்ந்தேன். என் கொள்ளுத்தாத்தா பட்டாளத்துத் தையல்காரர். இங்கிலாந்தில் குளிர். கோல்கொண்டா சிப்பாய்க்குக் கம்பளிக் கோட்டு தைக்க வேண்டாமா? வேலூரிலிருந்து தையல்காரர்களை வரவழைத்தார் சுல்தான். நான் வந்தாயிற்று.

"நீங்க வந்துட்டீங்க, சரி. எங்காளு குதிரைக்கு லாடம் அடிச்சவர். உங்களுது கப்பல் படை. கப்பலுக்கு லாடம் அடிப்பாரா?"

"கோல்கொண்டாவுல குதிரை இல்லையா?"

"இருக்கிற குதிரைக்கு உள்ளூர் ஆள் போதும். திருச்சியிலேர்ந்து எதுக்கு வரணும்?"

நியாயமான கேள்வி. உள்ளூர் ஆள் போதாத அளவுக்குக் குதிரை வேண்டும். அதற்குக் கப்பல் போகாத, முடிவே இல்லாத ஒரு நிலத்தில் சண்டை வேண்டும். மேப்பைப் பார்த்தேன்.

ரஷ்யா மேல் போர் அறிவித்தேன்.

"ஐயோ சார், வேண்டாமுங்க! அங்க போய் யாருங்க ஜெயிச்சா?"

"எனக்கு ஜெயிக்க வேண்டாம்யா. குதிரை வேணும்!"

ஆயிரமாயிரமாகக் குதிரைப்படை சேர்த்தேன். வசந்தா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். "இன்னும் சேருங்க... இன்னும்..." பனியில் படை கரைந்தது. கஜானா காலி. இங்கிலாந்து கலகம் செய்து பிரிந்தது. மோண்டா மறுபடி லண்டன் ஆயிற்று. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சாம்ராஜ்யம் முழுக்கப் போன பிறகு வசந்தா சொன்னாள்: "சரி. எங்க கொள்ளுத்தாத்தா கிளம்பிட்டார். பொண்ணு பாக்க வரச் சொல்லுங்க உங்க வீட்ல."

இப்போது செந்தில் நிஜமாகவே மான்செஸ்டரில் இருக்கிறார். அந்த ஊர் பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார். "சரணடைஞ்சிட்டியேய்யா" என்று போனில் திட்டினேன். வசந்தா பெங்களூரில், மகள் வீட்டில், பேத்தியைப் பார்த்துக்கொள்ள. தீபாவளிக்கு வருகிறேன் என்றிருக்கிறாள்.

அந்த கேமின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. லேப்டாப்பில் சத்தமில்லாமல் ஓடுகிறது. படமெல்லாம் அருமை. ஆடுகிறேன். குதிரை கேட்க ஆளில்லாததால் ரஷ்யா பக்கமே போவதில்லை.

ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறேன்...

சும்மா ஜெயிக்கிறேன்.