பத்தொன்பதாவது ஆள்

கிளப் கொட்டகையில் ஆட்டக்காரர்கள் தேய்க்கும் தைல நெடி ஏறினால் டெஸ் ஹானிகனுக்குப் பசிக்கும். அதே கொட்டகைக்குள் தலைவர் காலின் பாஸ்கோ சென்ட் மணக்க நுழைந்தால் குமட்டும்.

டெஸ் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போனவர். கைதூக்கி விட ஆளில்லை. தானாகவே மெல்போர்ன் போய், கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலில், பெரிய கிளப் ஒன்றுக்கு எட்டு வருடம் கோல் கம்பத்தைக் காத்தார். அவர் தலைக்கு மேல் எம்பிப் பந்தைப் பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முட்டி போனதும் சொந்த ஊர் பிர்ரின்காவுக்கே திரும்பிக் கோச் ஆனார். உறைபனியோ மழையோ, செவ்வாயும் வியாழனும் கோதுமை விவசாயிகளின் பிள்ளைகளைச் சேற்றில் ஓட வைத்தார்.

"மைதானத்தை ஒரு பார்வை பார்த்தாப் போதும். அணிக்குப் பதினெட்டு பேர், அதுல ஒருத்தன் கூடினாலும் எனக்குத் தெரியும்" என்று மதுக்கடையில் சொல்லாத வாரமில்லை.

கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. இந்த வருடம் இறுதி ஆட்டம் வரை வந்தாயிற்று. வாங்கிவிட்டுத்தான் ஓய்வு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இதில் தலைவர் பாஸ்கோ, நகரத்திலிருந்து ஜாரட் ஃபின்ச் என்பவனைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார். பயிற்சிக்கு வரமாட்டான். ஆட்டம் முடிந்தால் எல்லாரும் கொட்டகையைக் கூட்டுவார்கள். அவன் கடித்த இறைச்சி பப்ஸைத் தரையில் போட்டுவிட்டுக் கார் ஏறுவான். அதைக் குனிந்து எடுத்துக் குப்பையில் போடுவது டெஸ்.

குனாரி ஊருடன் இறுதி ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் பிர்ரின்கா முப்பது புள்ளி முன்னால். ஃபின்ச் இடுப்பில் கைவைத்து நின்றான். டெஸ் அவனை வெளியே இழுத்து, ஒரு விவசாயியின் மகனை இறக்கினார். அந்நேரம் பார்த்துக் குனாரி அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு, கோலுக்கு ஆறாகப் பன்னிரண்டு புள்ளி எடுத்தது. எங்கு பார்த்தாலும் குனாரியின் மஞ்சள் சட்டை.

"பத்தொன்பது பேர்டா!" என்று கத்தினார் டெஸ். "எண்ணச் சொல்லு!"

ஆளை எண்ணச் சொல்லும் உரிமை கேப்டனுக்கு. எதிரணியில் ஒருவன் அதிகமாக இருந்தால், அதுவரை அவர்கள் எடுத்த புள்ளி முழுக்கப் பூஜ்யம். அவருடைய கேப்டன் கேட்டான். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி மஞ்சள் சட்டைகளை வரிசையில் நிறுத்தினார். பதினெட்டு.

குனாரி கேப்டன் ஸ்டூயி சிரித்தான். "பெருசு, கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா?"

சிரித்தவன் சட்டென்று திரும்பினான். பிர்ரின்காவின் நீலச் சட்டை ஒன்று ஓரமாக நழுவிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா போற? நில்லு. அம்பயர், இப்ப அவங்களை எண்ணுங்க."

பத்தொன்பது. நழுவியவன் ஃபின்ச்.

டெஸ் பெஞ்சைப் பார்த்தார். பாஸ்கோ டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நீங்களா உள்ள அனுப்பினீங்க?"

"காசு கொடுத்தவனை உட்கார வைக்கவா கூட்டிட்டு வந்தேன்? யாராவது வெளியே வருவாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா!"

"நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது, டெஸ்."

அதுதான் தாங்கவில்லை. சொன்னது உண்மை. எதிரியின் சட்டையை எண்ணிய கண், சொந்தச் சட்டையை எண்ணவில்லை.

பலகையில் பிர்ரின்காவின் எண்களைக் கழற்றி எடுத்தார்கள். சேற்றில் உருண்ட பையன்கள் பூஜ்யத்திலிருந்து ஓடி மூன்று கோல் போட்டார்கள். போதவில்லை. சைரன் ஊதியதும் மைதானத்தைச் சுற்றி நின்ற குனாரி கார்கள் ஹாரன் அடித்தன. ஒலிபெருக்கியில் பாஸ்கோ, "கோச்சோட அவசரத்தால..." என்று ஆரம்பித்தார். டெஸ் காறித் துப்பினார்.

தோற்ற கோச் ஜெயித்தவர்களின் கொட்டகைக்குப் போய் ஒரு பீர் குடிக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். போனார்.

"வாங்க பெருசு," என்றான் ஸ்டூயி. "எண்ணிட்டுத்தான் உள்ள விடுவோம்."

சிரிப்பு அடங்கும்வரை நின்று, கிளாஸை ஒரே மூச்சில் காலி செய்தார். தரையைப் பார்த்தார். ஒரு துணுக்கு இல்லை. ஜெயித்த அன்றும் கூட்டியிருந்தார்கள்.

"அடுத்த வருஷம் உங்களுக்குக் கோச் வேணுமா?"

ஸ்டூயி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். இந்த இரண்டு ஊருக்கு நடுவில் பெண் கொடுப்பார்கள், கோச்சைக் கொடுக்கமாட்டார்கள்.

"ஓய்வுன்னு சொன்னீங்களே?"

"கோப்பையோடன்னுதான் சொன்னேன். எந்த ஊர்க் கோப்பைன்னு சொன்னேனா?"

ஸ்டூயி யோசித்தான். "கண்ணாடி போடுவீங்களா?"

டெஸ் ஹானிகன் வாழ்க்கையில் யார் சொல்லியும் கேட்டவரில்லை.

"போட்டுத் தொலைக்கிறேன்டா," என்றார்.