டயர் கடைக்கும் கன்ட்ரி கிடாருக்கும் நடுவே எட்டு ஞாயிறுகள்

"இது வருமா?" என்று யார் எதைக் கேட்டாலும் "வரும்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அதை விடிய விடியப் பழகுவதுதான் கிடார்க்காரன் தொழில். நேர்முகத் தேர்வில் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் விடுங்கள்.

வரும்

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு பப்பில் ராக்கும் ப்ளூஸும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி பெரிய டிவி ஒன்று வாங்கினார். அதை வைக்க மேடையைத் தவிர வேறு இடம் இல்லை. கிரிக்கெட் உள்ளே வந்தது, நாங்கள் வெளியே வந்தோம். வீடு என் மனைவி விமலாவின் சம்பளத்தில் ஓடியது. நவம்பருக்குள் எனக்கு ஒரு வழி பிறக்காவிட்டால், அத்திபெலேயில் அவள் அண்ணன் நடத்தும் டயர் கடையில் போய் உட்காருவதென்று முடிவாயிற்று. முடிவு செய்தது விமலா. தலையாட்டியது நான்.

அப்போதுதான் ரிச்சர்ட்ஸ் டவுனில் மேவிஸ் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். வாரநாளில் கிண்டர்கார்டன் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளப்பின் மதிய விருந்தில் கன்ட்ரி பாட்டு பாடுகிறவர். அவருக்கு லீட் கிடார் வாசித்த க்ளைவ் வெளிநாட்டில் பெர்த் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டான். எங்கள் ஃப்ரேசர் டவுனில் ஒருவனைக் 'கன்ட்ரி' என்றால் அது பட்டிக்காட்டான் என்கிற திட்டு. எனக்கு அந்தச் சொல்லோடு இருந்த பரிச்சயம் அவ்வளவுதான். இருந்தும் "அஞ்சு வருஷமா வாசிக்கிறேன் மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எட்டு ஞாயிறு பார்க்கலாம், சரிப்பட்டால் கிறிஸ்துமஸ் சீசன் முழுவதும் என்னுடையது, இல்லையென்றால் தங்கவயலில் ஒருவன் தயாராக இருக்கிறான் என்றார் மேவிஸ். க்ளைவ் வாசித்ததை டேப் செய்த கேசட் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, கேட் வரைக்கும் வந்து சொன்னார்: "பொய் மட்டும் சொல்லாத மேன். என் கிளாஸ்ல பொய் சொன்னவன் சுவரப் பாத்து நிக்கணும்."

மிக்சி

ராக் வாசிக்கிறவனுக்குக் காலடியில் ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்தால் சத்தம் கரகரவென்று தடித்து, ஒரு சுரம் பஸ் திரும்புகிற வரைக்கும் நீளும். அந்தக் கரகரப்புக்குள் எவ்வளவு தப்பையும் ஒளித்துவைக்கலாம். கன்ட்ரியில் அந்த வசதி கிடையாது. சத்தம் சுத்தமாக, சின்னதாக, மொட்டையாக இருக்கவேண்டும். மசாலா தடவாமல் மீன் பொரிப்பது மாதிரி. மீன் பழசா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

இது எனக்குத் தெரியாது என்பது முதல் ஞாயிறு தெரிந்தது. மேவிஸ் மெல்லிய பாட்டு ஒன்றைப் பாடி, இரண்டு வரிக்கு நடுவில் மூச்சு விட்டார். எனக்கு வாய்ப்பு வந்துவிட்டதாக நினைத்து மிதித்தேன். குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. முன் மேசையில் மஞ்சள் சோறும் கோளா உருண்டைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரயில்வே கார்டு ஒருவர், ரிடையர் ஆனவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: "தம்பி, அந்த மிக்சிய கொஞ்சம் ஆஃப் பண்றியா? அந்தம்மா ஏதோ பாடுது."

யார் செத்தது?

பெடலை வீட்டில் விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு போனேன். ப்ளூஸ் பழக்கத்தை எங்கே விடுவது? ப்ளூஸில் ஐந்தாறு சுரங்கள் கொண்ட, ஜன்னல் சட்டம் மாதிரி ஒரு சட்டம் உண்டு. பாட்டில் கார்டு, அதாவது சேர்த்து மீட்டுகிற சுரக்கூட்டு, எப்படி மாறினாலும் அதே சட்டத்துக்குள் நின்று அழுதுகொண்டிருக்கலாம். அதிலும் மூன்றாவது சுரத்தைச் சற்று இறக்கிப் பிடித்தால் ஊரே உருகும். கன்ட்ரியில் கார்டு மாறும்போது விரலும் வீடு மாறவேண்டும். அந்த மூன்றாவது சுரத்தையும் இறக்கிவிட்ட இடத்திலேயே விடக்கூடாது, ஏற்றிப் பிரகாசமாகக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். கார்டு எப்போது மாறும் என்று, தானும் ஒரு கிடாரை மீட்டிக்கொண்டே பாடுகிற மேவிஸின் இடதுகையையே பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அன்று ஒரு தம்பதிக்கு முப்பதாவது கல்யாண நாள். அவர்கள் கேட்ட பாட்டு துள்ளலான பாட்டு. நான் பயத்தில் பழைய சட்டத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டு, இருக்கிற சோகத்தையெல்லாம் பிழிந்து ஊற்றினேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் வேகம் குறைந்து குறைந்து நின்றேவிட்டார்கள். அந்த அம்மாள் மேடைக்கு வந்து என்னிடம் குனிந்து கேட்டார்: "எங்க கல்யாண நாள்னு தானேப்பா சொன்னோம், யார் செத்தாங்க?"

அக்ரிமெண்ட்

மூன்றாவது வாரம் கேசட்டைக் கேட்டுக்கேட்டு ஒரு உண்மை புரிந்தது. க்ளைவ் தந்தியை மீட்டுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, மிச்ச விரல்களாலும் தந்தியைச் சுண்டுகிறான். சுண்டிய கையோடு சத்தத்தை அமுக்கியும் விடுகிறான். அதற்கு நகம் வேண்டும். நகம் வளர்த்தேன். பி.டி.எஸ் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் பயம், சட்டைப் பொத்தான் போடப் பயம், தூக்கத்தில் சொறிந்துகொள்ளக்கூடப் பயம். விமலா தன் நகப்பூச்சை எடுத்து உறுதிக்காக இரண்டு கோட் அடித்துவிட்டாள். அவளிடம் இருந்தது ரோஸ் கலர் ஒன்றுதான். பேன்ட் பாக்கெட்டில் கை விட்டபடியே ஒரு மாதம் நடந்தேன்.

சுண்டி அமுக்கினால் வருகிற சத்தம் 'கொக், கொக், கொக்' என்று இருக்கும். விடிந்ததிலிருந்து அதையே பழகினேன். வீட்டுக்காரர் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தார், மாமிசம் சேர்க்காத கன்னடக்காரர். மாடியில் நான் கோழி வளர்க்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏறி வந்து, கட்டிலுக்கு அடியில் வரைக்கும் எட்டிப் பார்த்தார். என் ரோஸ் நகத்தையும் பார்த்தார். எதைக் கேட்பது என்று தெரியாமல் முதலில் வந்த கேள்வியையே கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்: "ஏன் சார், இல்லி கோளி சாக்கித்தீரா? அக்ரிமெண்ட்ல அது இல்லையே!"

பென்சில்

அந்தக் கேசட்டில் ஒரு பாட்டு, கிடார் மட்டும் தனியாக ஆரம்பிப்பது. மேவிஸுக்கு உயிரான பாட்டு. அதை எட்டாவது ஞாயிறு வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தை நூறு தடவை திருப்பித் திருப்பிப் போட்டதில், என் டேப் ரெக்கார்டர் நாடாவைக் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. எடுத்து, நீவி, பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடி போட்டேன். நல்ல வேளை, பாடியது.

பாடியதைக் கேட்டு அசந்துபோனேன். முதல் சுரம் தொய்ந்து, ஒரு நொடி தொங்கி, பிறகு சிரமப்பட்டு எழுந்து தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு நாளாக இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ராக்கில் தந்தியை வளைத்தால் அது கதறவேண்டும். கன்ட்ரியில் சுண்டுவிரல் ஒரு தந்தியை அசையாமல் பிடித்திருக்க, அடுத்த தந்தியை மோதிரவிரல் மெல்லத் தள்ளிக் கொண்டுவந்து அதோடு சேர்க்கவேண்டும். இதில் தொய்வு வேறு. மூன்று வாரம், விரல்நுனி வீங்க வீங்க. விரலுக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே விமலா சொன்னாள்: "டயர மாட்டறதுக்கு இவ்ளோ வலிக்காதுங்க."

சுவர்

எட்டாவது ஞாயிறு மேடை ஏறினால், முன் மேசையில், மேவிஸ் வீட்டுப் புகைப்படத்தில் அவரோடு பார்த்த முகம். க்ளைவ். பெர்த்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். அவன் பாட்டை, அவன் கேசட்டில் கற்று, அவன் முன்னாலேயே வாசிக்கவேண்டும். அத்திபெலே டயர் கடையின் ரப்பர் வாசனை அங்கேயே எனக்கு அடித்தது.

கண்ணை விரலிலேயே வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். தொய்ந்து, தொங்கி, எழுந்து, சேர்ந்தது. மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அந்த ரயில்வே கார்டு மாதிரி ஆட்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் க்ளைவ் நேராக மேடைக்கு வந்தான். "அந்த ஃபர்ஸ்ட் நோட், அப்டி நான் வாசிச்சதே இல்லையே மேன். யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றான். அப்போதுதான் எனக்குப் பென்சில் ஞாபகம் வந்தது. இழுபட்ட நாடாவின் கோளாறைத்தான் மூன்று வாரம் சாதகம் செய்திருக்கிறேன்.

மேவிஸ் பக்கத்தில் நிற்கிறார். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டேப் மாட்டியது, பென்சில், ஐந்து வருஷம் அல்ல எட்டே வாரம் என்பது, எல்லாவற்றையும் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டிவிட்டேன். சொல்லி முடித்தபோது வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. மேவிஸ் சிரிக்கவில்லை. விரலை நீட்டிச் சுவரைக் காட்டினார். "அடுத்த பாட்டு அங்க பாத்து வாசி."

வாசித்தேன். முப்பத்திரண்டு வயதில், ரோஸ் நகத்தோடு, நூறு பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள், எட்டு வாரத்தில் அந்த ஒரு பாட்டுக்குத்தான் நான் பயப்படவில்லை. பயமுறுத்த எதிரே முகம் எதுவும் இல்லையே! வெள்ளைச் சுண்ணாம்பும் ஒரு பல்லியும்தான். கார்டு மாறுகிற இடமெல்லாம் காதிலேயே தெரிந்தது, விரல் தானாக வீடு மாறியது. பாட்டு முடிந்து திரும்பினால், க்ளைவ் கை தட்டிக்கொண்டிருந்தான். கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் பையில் கை விட்டேன். மேவிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்: "அத நீயே வச்சிக்கோ மேன், தங்கவயல்காரன் கையில கிடைச்சிடப்போகுது."

பொய் சொல்லிச் சேர்ந்த வேலையைப் பழுதான டேப் ஒன்று காப்பாற்றிக் கொடுத்தது என்றாலும், இன்றைக்கும் யாராவது "இது வருமா?" என்று கேட்டால் என் கண் முதலில் தேடுவது பக்கத்தில் எங்கேயாவது சுவர் இருக்கிறதா என்பதைத்தான்.